அம்மன் முதுகில் விரலடையாளம்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் பிரியந்தி பதினொரு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறாள். காலையில் கதவு திறக்குமுன் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்க வேண்டும். ஒரு பெட்டியில் உள்ளங்கை அளவில் ஏழு மண் தெய்வங்கள் நின்றன. பழைய கிரேக்கத்துப் பெண்கள் நேர்த்திக்கு வைத்த அம்மன்கள். பிள்ளைக்குக் கண்நோய் மாறினால் கோயிலுக்கு வெள்ளிக் கண் கொடுப்பதுபோலத்தான் இதுவும் என்று யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கியது.

ஒருநாள் குனிந்து பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்கையில் மூன்றாவது அம்மனின் முதுகைக் கண்டாள். மண் ஈரமாயிருந்தபோது யாரோ அழுத்திய பெருவிரல் அடையாளம். மிகச் சிறியது, பெண்ணின் விரலாக இருக்க வேண்டும். அதை அவள் ஒருவருக்குத்தான் சொன்னாள், புதிதாக வேலைக்கு வந்த மரினாவுக்கு.

மரினா மன்னார்க்காரி. ஆறு வயதில் டென்மார்க் வந்தவள், டெனிஷ் சரளமாகக் கதைப்பாள். அடுத்த மாதம் பெட்டியருகே ஓர் அட்டை முளைத்தது: 'இந்த விரலடையாளத்தைக் கவனித்தவர் எங்கள் ஊழியர் மரினா.'

பிரியந்தி அதை இரண்டு தரம் வாசித்தாள். மரினாவின் சிரிப்பும் புதுச் சப்பாத்தும்கூடப் பிடிக்காமல் போயின. பொறுப்பாளர் கிர்ஸ்டன் மரினாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் நெஞ்சில் முள் ஏறியது.

"நீ ஏன் முதலே வாயைத் திறக்கேல்லை?" என்றார் கணவர் சண்முகலிங்கம்.

"என்ர டெனிஷுக்கு ஆர் நிண்டு காது குடுக்கிறது?"

கடைசியில் உடைமாற்றும் அறையில் மரினாவை மறித்துக் கேட்டேவிட்டாள்.

"அக்கா, நீங்கள் கண்டதெண்டுதான் சொன்னனான். கிர்ஸ்டன் எழுதேக்க உங்கட பேரை விட்டிட்டா."

"நீ திருத்தியிருக்கலாமே?"

மரினா தலைகுனிந்தாள். "என்ர பேரைப் பாத்த சந்தோசத்தில பேசாமல் இருந்திட்டன்."

பிரியந்தி கையில் துணியோடேயே கிர்ஸ்டனின் அறைக்குப் போனாள். தெரிந்த டெனிஷில் சொன்னாள்: "அதைக் கண்டது நான். ஆறாவதிலும் ஒன்று இருக்கிறது. இடுப்புக்குக் கீழே."

கிர்ஸ்டன் கையுறை போட்டுப் பெட்டியைத் திறந்தாள். ஆறாவது அம்மனை மெல்லத் திருப்பினாள். இருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்கள் பெயரை எப்படி எழுதுவது?" என்று கேட்டாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு.

புது அட்டையில் இரண்டு பெயர்கள். மரினா முதலில்.

"எங்கள் அகரவரிசைப்படி போட்டேன், M முதலில், P பிறகு," என்றாள் கிர்ஸ்டன்.

பிரியந்தி தலையாட்டினாள். மரினாவோடு இப்போது கதைக்கிறாள், தேநீரும் குடிக்கிறாள். ஆனால் அந்த ஒரு பெட்டியைத் துடைக்க மட்டும் அவளை விடுவதில்லை.