மணியடித்தும் கண் திறக்காதவள்

எனக்கு வாய் நீளம் என்பது திருக்கோகர்ணத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த முதல் வாரமே, குழம்பில் உப்புக் கம்மி என்ற மாமியாரிடம், "உப்புச் சாடி ஒங்க பக்கத்துலதானே இருக்கு அத்தே" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அன்றிலிருந்து எனக்கு அங்கே ஒரே பாடம்தான். "ஒன் அக்காளைப் பாத்துப் படிச்சுக்க."

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. அவளைப் போல ஒரு மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. மாமியார் காலையில் பல் விளக்கியதும் ஆரம்பிப்பார். தண்ணீர் தெளித்தது சரியில்லை, கோலம் கோணல், நடை சரியில்லை, வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை என்று போய்க்கொண்டே இருக்கும். அக்கா அடுப்பைப் பார்த்துக் குனிந்திருப்பாள். நடுநடுவே திரும்பிப் பார்ப்பாள், ஒரு சிரிப்பு. பேசினாலும் குரல் எப்போதும் ஒரே அளவு, அரிசி களைகிற சத்தம் மாதிரி. எனக்குப் பக்கத்தில் நிற்கவே பற்றிக்கொண்டு வரும். இவளுக்கு ரத்தம் ஓடுகிறதா, மோர் ஓடுகிறதா என்று என் கணவரிடம் கேட்டிருக்கிறேன்.

அது அறுபதுகளின் தொடக்கம். சமஸ்தானம் போய்ப் பல வருஷம் ஆகியும் மாமியார் 'மகாராசா காலத்துல' என்றுதான் பேச்சை எடுப்பார். அப்போது எங்கள் தெருவில் ரிட்டையரான தாசில்தார் வீட்டு அம்மா ஒரு கூட்டம் ஆரம்பித்தார். திருச்சியில் யாரோ ஒரு சாமியாரின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த வேகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றியதும் தெருப் பெண்கள் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார வேண்டும். ஓர் ஊதுபத்தி கொளுத்தி வைப்பார். அது எரிந்து முடிகிறவரை கண்ணை மூடி வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். முடிந்ததும் பூஜை மணியை ஆட்டுவார். பிறகு ஒவ்வொருவரும் அந்த வாரம் மனது எங்கே கொதித்தது, எங்கே குளிர்ந்தது என்று சொல்ல வேண்டும்.

மாமியார் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போவார். அக்காவைப் பெருமைக்கு, என்னை வைத்தியத்துக்கு.

என் முறை வந்தால் கூடமே நிமிர்ந்து உட்காரும். "பால்காரர்கிட்ட சண்டை போட்டேன். அவர் ஊத்துனது பாலே இல்ல, கெணத்துத் தண்ணி. அதை அவர் ஒத்துக்குறவரைக்கும் என் மனசு குளிராது" என்பேன். தாசில்தார் வீட்டம்மா நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். அக்கா முறை வந்தால் கையைக் கூப்பி, "அமைதியா இருந்துச்சு" என்பாள். ஒவ்வொரு வாரமும் அதே இரண்டு வார்த்தை.

ஆனால் அவளுடைய பெருமை அந்த வார்த்தையில் இல்லை, மணியில் இருந்தது. மணி அடித்ததும் நாங்கள் எல்லாரும் விட்டால் போதும் என்று கண்ணைத் திறந்துவிடுவோம். அக்கா மட்டும் திறக்க மாட்டாள். மணி இன்னொரு தடவை அடிக்கும். அசைய மாட்டாள். முகம் அப்படியே துடைத்து வைத்த குத்துவிளக்கு போல இருக்கும். பக்கத்தில் இருப்பவர் முழங்காலைத் தொட்டால்தான் கண் திறப்பாள். "பாத்தீங்களா, வெளிச் சத்தமே உள்ள போகல. நாம வருசக்கணக்கா ஒக்காந்தாலும் இந்த நெலை வராது" என்று தாசில்தார் வீட்டம்மா கண் கலங்கிச் சொல்வார். இரண்டொருவர் போகும்போது அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் உண்டு. நானும் ஒரு வெள்ளிக்கிழமை மணியடித்த பிறகும் கண்ணைத் திறப்பதில்லை என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். மூக்கில் ஈ உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

ஒரு தடவை தாசில்தார் வீட்டம்மா எல்லாரையும் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனார். மலை மேல் முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள். தலை வைக்கக்கூடக் கல்லிலேயே மேடு. நாங்கள் வெயிலில் வியர்த்துக்கொண்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரிப்பதற்குள் அக்கா ஒரு கல் படுக்கையில் படுத்துத் தூங்கிவிட்டாள். அந்தக் கல்லில், அத்தனை பேர் பேச்சுக்கு நடுவில். "பூர்வ ஜென்ம வாசனை" என்று ஒருவர் சொன்னார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முந்திய நாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். பரணிலிருந்து பெரிய பித்தளைத் தவலையை எடுக்க ஸ்டூலில் ஏறினேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டி அடுப்பில் ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தாள். நான் தவலையை இழுத்தேன். பரண் பலகை சாய்ந்து, மேலே இருந்த தவலை, அண்டா, குடம், தட்டு எல்லாம் ஒன்றாகச் சரிந்து சிமெண்டுத் தரையில் விழுந்தன. அந்தச் சத்தத்தில் என் காதே அடைத்துப்போனது. பக்கத்து வீட்டிலிருந்து, "என்னாத்தா, என்ன ஆச்சு" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். தொழுவத்தில் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது.

அக்கா ஊதிக்கொண்டே இருந்தாள்.

நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன். பக்கத்து வீட்டாரை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, அவள் பின்னால் போய் நின்று மெதுவாக, "அக்கா" என்றேன். பிறகு சத்தமாக. பிறகு தொண்டை கிழிய. என் கால் பட்டு ஒரு குடம் உருண்டு போய் அவள் காலில் இடித்த பிறகுதான் திரும்பினாள். தரையில் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த ஊதாங்குழலைக் கீழே வைத்தாள். எத்தனையோ வருஷமாக நான் பார்த்த சிரிப்பு, அன்றைக்குத்தான் அவள் முகத்தில் இல்லை.

"சொல்லிராத தங்கச்சி" என்று என் கையைப் பிடித்தாள். "ஒன் காலைப் புடிச்சுக்குறேன். அத்தைகிட்ட மட்டும் சொல்லிராத."

பிறகு அவளே சொன்னாள். கல்யாணமான மறு வருஷம் டைபாய்டு காய்ச்சல் வந்து கிடந்தாளாம். எழுந்தபோது காது மந்தமாகி, சில மாதத்தில் சுத்தமாக அடைத்துப்போனது. கணவனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் பேசுவதே நாளைக்கு நாலு வார்த்தை. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை வேறு இல்லை. கீரனூரில் அண்ணன் வீட்டுக்குப் போனால் அண்ணிக்கு வேலைக்காரி. "அங்க போறதுக்கு இந்த அடுப்புலயே விழுந்துரலாம்" என்றாள், அதே அரிசி களைகிற குரலில்.

"அப்ப அத்தை திட்டுறது எதுவும் ஒனக்குக் கேக்கலையா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில்கூட, அப்பாடா, அதுவாவது மிச்சம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காதுதானே போச்சு. வாயப் பாத்தா வார்த்தை தெரியும். அத்தை வெத்தலை போட்டிருந்தா மட்டும் பாதிதான் புரியும்" என்றாள். பிறகு சொன்னதுதான் எனக்கு இடி. "காலைல எந்திரிச்சா படுக்குறவரைக்கும் ஒவ்வொருத்தர் வாயவும் பாத்துக்கிட்டே இருக்கணும். யாரு எங்கிட்டு நிக்கிறாங்க, யாரு கூப்புடுறாங்கன்னு. ஒரு நிமிசம் அசந்தா மாட்டிக்குவேன். நிம்மதின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு தங்கச்சி. வெள்ளிக்கிழம அந்த ஊதுபத்தி எரியுற நேரம் மட்டுந்தான். அப்ப யாரும் யாரையும் கூப்புட மாட்டாங்கள்ல. கண்ண மூடிக்கலாம்."

நான் பாத்திரங்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தெருவே விழுந்து கும்பிட்ட அமைதி இதுதானா. ஊரிலேயே அதிகமாகப் பயந்து பயந்து செத்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்து, இவளைப் போல மனதை அடக்கு என்று எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். யார் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நானெல்லாம் ஆள் கிடைக்காமல் கோபத்தைச் சும்மா வைத்திருக்கிற ஜாதியே இல்லை.

அன்றிலிருந்து நான் அவள் எதிரில் நிற்கப் பழகினேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கண்ணைக் காட்டுவேன். "என்னடி, ரெண்டு பேரும் இப்ப ஒட்டிக்கிட்டுத் திரியுறீங்க" என்று மாமியார் கேட்டார். "பாத்துப் படிக்கச் சொன்னீங்கள்ல, படிக்கிறேன்" என்றேன்.

எத்தனை நாள் ஓட்ட முடியும். சித்திரையில் இலுப்பூரிலிருந்து நாத்தனார் வந்தாள். மாமியாரின் ஒரே மகள், கண்ணில் எதுவும் தப்பாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமியாரும் அவளும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கொல்லையில் எங்கள் இருவருக்கும் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் இலையோடு உள்ளே வந்தபோது நாத்தனார் இலையை விட்டு எழுந்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ரசம் கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் காதோரம் பளாரென்று கைதட்டினாள். அக்கா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"செவிடு" என்றாள் நாத்தனார். "ஆத்தா, இவ செவிடு. இத்தனை வருசமா நம்ம தலையில மொளகா அரச்சிருக்கா. இன்னைக்கே கீரனூர்ல கொண்டுபோய் விட்டுட்டு வரச் சொல்லு."

அப்போதுதான் அக்கா திரும்பினாள். ஒரு வாயைப் பார்த்ததிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. நான் இலையைப் போட்டுவிட்டு நாத்தனாரை ஒரு கை பார்ப்பதென்று முன்னால் வந்தேன்.

மாமியார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியும்" என்றார்.

நாத்தனார் சட்டென்று மாமியார் பக்கம் திரும்பினாள். நானும்தான்.

"அவ காச்சல்ல கெடந்து எந்திரிச்சப்பவே எனக்குத் தெரியும். பக்கத்துல கெடந்து பாத்தவ நான். வெளிய தெரிஞ்சா நீதான் மொதல்ல குதிப்பேன்னும் தெரியும். பேசாம ஒக்காந்து தின்னு."

"தெரிஞ்சுதானா இம்புட்டு நாளும் அவளக் கரிச்சுக் கொட்டுன?" என்றாள் நாத்தனார்.

மாமியார் தலை நிமிரவில்லை. "கேக்காதுங்கிற தைரியத்துலதான் கொட்டுனேன். ஒங்க அப்பா போனதுல இருந்து எனக்கு வயிறு எரியுது. கேக்குறவகிட்ட சொன்னா அவ மனசு நோகும், இல்லைன்னா சின்னவளாட்டம் திருப்பிக் குடுப்பா. எனக்கும் எங்கிட்டாச்சும் எறக்கி வைக்க வேணாமா. இவகிட்ட சொன்னா செவத்துக்கிட்ட சொன்ன மாதிரி. எனக்கும் ஆறும், அவளுக்கும் வலிக்காது. அவள நான் எங்கயும் அனுப்ப மாட்டேன்."

அன்றைக்கு மாமியார் இன்னும் வெற்றிலை போட்டிருக்கவில்லை. அக்கா அவருக்கு நேர் எதிரே நின்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சு அத்தே" என்றாள்.

மாமியார் கை சோற்றில் நின்றது.

"எல்லாம் கேட்டுச்சு. மலடின்னு சொன்னது கேட்டுச்சு. என்னைப் பெத்தவளச் சொன்னது கேட்டுச்சு. போன அம்மாவாசைக்கு, நான் காச்சலோட போயிருக்கலாம்னு சொன்னீங்கள்ல. அதுவும் கேட்டுச்சு."

மாமியாரை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கை உதறி, இலையைத் தள்ளிவிட்டு எழப்போனார்.

"ஒக்காருங்க" என்று அக்கா ஒரு சத்தம் போட்டாள். தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்பது அவளுக்கு எப்படித் தெரியும். தெருமுனை வரை கேட்டிருக்கும். "சோத்துல கைய வச்சுட்டு எந்திரிக்கக் கூடாது. ரசம் இன்னும் ஊத்தல. ஒக்காருங்க."

மாமியார் உட்கார்ந்தார். அக்கா ரசம் ஊற்றினாள். அவர் கண்ணீர் ரசத்தில் விழுந்தது, அதோடேயே பிசைந்து சாப்பிட்டார். நாத்தனார் சாயங்காலப் பஸ்ஸுக்கே இலுப்பூருக்குக் கிளம்பிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் கூட்டத்துக்குப் போனோம். மாமியார் எப்போதும் அக்காவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். அன்றைக்கு எழுந்து போய் அவளுக்கு நேர் எதிரே, முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். வாயில் வெற்றிலை இல்லை. ஊதுபத்தி எரிந்து முடிந்தது. மணி அடித்தது. எல்லாரும் வழக்கம்போல அக்காவைப் பார்த்தார்கள். அவள் கண் ஏற்கெனவே திறந்திருந்தது. தாசில்தார் வீட்டம்மா முகம் வாடிப்போயிற்று.

அவள் முறை வந்தது. கையைக் கூப்பினாள். அந்த இரண்டு வார்த்தைக்காகக் கூடமே காத்திருந்தது.

"இந்த வாரம் அத்தைகிட்ட கோவிச்சுக்கிட்டேன்" என்றாள், எல்லாரும் திடுக்கிடுகிற சத்தத்தில். "நிம்மதியா தூங்குனேன்."