மயிரிழை கூடின வளையம்

கேமராக் கடைச் சந்தில் அவளை எல்லோரும் வளையக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் உட்காராது. நடுவில் பித்தளை வளையம் ஒன்றைக் கடைந்து போட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருக்கும் இரண்டையும் சேர்த்துவைப்பது அவள் தொழில்.

"ஊருக்கெல்லாம் ஜோடி சேர்ப்பா, தனக்குத்தான் ஒண்ணும் அமையலை" என்று பக்கத்துப் பட்டறைக்காரர் கிண்டலடிப்பார். அவள் தலைநிமிராமல் அரத்தால் வளையத்தை ராவிக்கொண்டிருப்பாள்.

தம்பி கப்பல் வேலைக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. ஒருநாள் படகுக்காரர் சேதி கொண்டுவந்தார்.

"நாளைக்கு அவன் கப்பல் துறைமுகத்துக்கு வெளியிலேயே நிக்கும். யாரையும் இறங்க விடமாட்டாங்க. தண்ணி ஏத்தினதும் கிளம்பிடும். மேல்தட்டுல சிவப்புத் துண்டை ஆட்டிக்கிட்டு நிப்பானாம்."

"என்னையும் படகுல ஏத்திக்குங்கண்ணே."

"ஏத்தினா படகைப் பிடுங்கிடுவாங்க தாயி."

படுக்கையிலிருந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் முகத்தை போட்டோவுலயாவது காட்டுடி."

அவ்வளவு தூரத்தைக் கிட்டே இழுக்கக் கடையில் பழைய ஜூம் லென்ஸ் ஒன்று கிடந்தது. அவள் கேமராவுக்குச் சேராதது. அன்றே வளையம் கடைந்தாள். கூடினால் ராவலாம், குறைந்தால் ஒட்டமுடியாது. அந்தக் கைப்பழக்கத்தில் மயிரிழை கூடவே விட்டாள். லென்ஸை மாட்டி எதிர்ச்சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். பொடி எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. அதோடு விட்டுவிட்டாள். சந்துக்கடையில் அதைவிடத் தூரம் பார்க்க இடமேது?

மறுநாள் அலைதடுப்புச் சுவரின் நுனியில் நின்றாள். கப்பலின் மேல்தட்டில் சிவப்புத் துண்டு ஒன்று ஆடியது. தம்பிதான். லென்ஸைத் திருகத் திருக உருவம் கூடிவந்தது. முகம் தெளியப்போகிற நேரத்தில் திருகு முட்டிக்கொண்டு நின்றது.

நேற்று கூடவே விட்ட அந்த மயிரிழைதான். வளையம் தடித்தால் கிட்டத்தில் இருப்பதுதான் தெளியும், தொலைவுக்கு லென்ஸ் எட்டாது. ஊருக்கெல்லாம் அவள் சொல்லும் பாடம். லென்ஸின் ஒளித்துளையைச் சுருக்கினால் கொஞ்சம் தெளியும் என்று சுருக்கிப் பார்த்தாள். மேகமூட்டம், வெளிச்சம் போதவில்லை. கழற்றிச் சுவரிலேயே தேய்த்துவிடலாமா என்று கை பரபரத்தது. கப்பல் ஊதிவிட்டது. துண்டு மறைகிறவரை அப்படியே படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிலிம் கழுவிக் கொண்டுவந்த படத்தை அம்மா முகத்தருகே பிடித்தாள்.

"துண்டு தெரியுது. முகம்தான்..." அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். "பாழாப்போன கண்ணு. நீயே பார்த்துச் சொல்லுடி, இளைச்சிருக்கானா?"

வளையக்காரி படத்தை வாங்கினாள். அவளுக்கும் தெரியவில்லை.

"இல்லம்மா" என்றாள்.