தொட்டிக் கார்

போன வாரம் இவர், என் வீட்டுக்காரர், வாசல் நிலையில் காலை இடித்துக்கொண்டு கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துவிட்டார். ஒன்றுமில்லை என்றார். எனக்கு ஒன்றுமில்லாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது. சர்க்கரை இருக்கிற உடம்பு, புண் ஆறுமோ ஆறாதோ, விரலை எடுக்கச் சொல்வார்களோ என்று யோசித்து, தெருமுனை மருந்துக் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் மனசுக்குள் முழங்கால் வரைக்கும் எடுத்து முடித்துவிட்டேன். கடைத் தம்பி பிளாஸ்திரிச் சுருளைச் சர்ரென்று இழுத்துக் கிழித்தான். ரப்பரும் பசையுமாக ஒரு வாசனை வந்தது. மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வாசனை. எனக்கு ரேஸ் வாசனை. பாக்கிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன்.

ரேஸ் காருக்கு முன்விளக்குக் கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்ட வேண்டும் என்பது விதி. மோதி உடைந்தால் சில்லு ரோட்டில் சிதறிப் பின்னால் வருகிறவன் டயரைக் கிழிக்கக் கூடாது அல்லவா, அதற்காக. மற்ற கோஷ்டியினர் அதற்கென்றே பளபளவென்று டேப் வைத்திருப்பார்கள். பேண்டேஜ் துணி நெய்கிற சீமையில் பிறந்த எங்களுக்கு மருந்துக் கடைப் பிளாஸ்திரியே போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரை லாரியில் ஏற்றி நிறுத்தியிருக்கும்போது டீக்கடையிலிருந்து குரல் வரும்.

"என்னலே சீனி, வண்டிக்குக் கண்ணு ஆபரேஷனா?"

"ஆமாண்ணே. ரெண்டு நாள்ல கட்டுப் பிரிச்சிருவோம்."

சீனி என் கொழுந்தன். நான் ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தபோது அரை டிராயர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். நான் எட்டாவதோடு நின்றவள். கணக்கு வராது, கவலை மட்டும் நன்றாக வரும். இவரும் அவனும் தென்காசி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார்கள். வாரமெல்லாம் ஊரார் காரைக் கழற்றுவார்கள். சனி ஞாயிறு வந்தால் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டுவார்கள். ரேஸ் நடக்கிற மாதங்களில் எங்கள் குடும்பத்துக்குக் கல்யாணம், காதுகுத்து எதுவும் கிடையாது. சொந்தபந்தமெல்லாம் வருத்தம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் தாழ்வாக, வழுவழுவென்று, சினிமா நடிகர் இறங்குகிற மாதிரி ஒன்றை நினைத்துவிடாதீர்கள். பழைய பியட் காரின் அடிப்பாகத்தில் இரண்டு பேரும் தகரத்தை வளைத்துத் தாங்களே உடம்பு கட்டினார்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது, ஏறிக் குதித்துத்தான் உட்கார வேண்டும். பக்கத்து வீட்டு ராஜு வீட்டம்மா அதை முதன்முதலில் பார்த்துவிட்டு, "ஏமம்மா, மாட்டுக்குத் தொட்டியா கட்டுதாங்க?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்கள். அன்றிலிருந்து அது தொட்டிக் கார்தான்.

லாரி, மில்லுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றுகிற லாரி. வாடகைக்குச் சொல்லி வைத்திருப்போம். என்னதான் பெருக்கினாலும் பலகை இடுக்கில் பஞ்சு இருக்கும், போகிற வழியெல்லாம் பறந்து காரில் ஒட்டிக்கொள்ளும். கோயம்புத்தூர் டிராக்கில் இறக்கும்போது தொட்டிக் கார் நரைத்துப்போய் நிற்கும். "பஞ்சுமூட்டை வந்தாச்சுப்பா" என்று மற்ற கோஷ்டிக்காரர்கள் கைதட்டுவார்கள். கேலிதான், ஆனால் பிரியமான கேலி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் லாரியை நிறுத்தாமல் போனதே இல்லை. சீனி இறங்கி ஓடிப்போய்ப் பால்கோவா வாங்கி வருவான். அவன் தின்றது போக மிச்சத்தை டிராக்கில் காரைப் பரிசோதனை செய்கிற அதிகாரிகளுக்கு நீட்டுவான். "லஞ்சம் இல்ல சார், ஊர்ப் பெருமை." அவர்கள் சிரித்துக்கொண்டே தின்றுவிட்டு, அப்புறமும் காரில் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பார்கள். நான் லாரியில் உட்கார்ந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வேன். ஜெயிக்க வேண்டும் என்று ஒருநாளும் வேண்டினதில்லை. ஆண்டாள் தாயே, போகிற தலைகள் அத்தனையும் இதே லாரியில் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான். அந்த வேண்டுதலுக்குப் பங்கம் வராத வகையில் நாங்களும் பெரும்பாலும் நடுவிலோ கடைசியிலோதான் வந்தோம். ஒரே ஒரு தடவை மூன்றாவதாக வந்தோம். அதற்கே சீனி ஊர் எல்லையிலிருந்து லாரியின் மேல் நின்றுகொண்டு வந்தான்.

ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பந்தயம் இவருக்கு, மத்தியானப் பந்தயம் சீனிக்கு. இவர் குள்ளம், அவன் பனைமரம். இவருக்குத் தோதாகச் சீட்டைப் போட்டால் அவன் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும். அவனுக்குத் தோதாகப் போட்டால் இவர் கால் பிரேக்குக்கு எட்டாது. அதனால் காரின் தரையில் முன்னே ஒரு வரிசை, பின்னே ஒரு வரிசை என்று துளை போட்டு வைத்திருந்தார்கள். காலைப் பந்தயம் முடிந்ததும் சீட்டைக் கழற்றிப் பின் துளைக்கு மாற்றி மறுபடியும் போல்ட் முறுக்க வேண்டும். நாலு பேர் பார்த்துச் சிரிக்கிற வேலை. கையில் காசு புரண்ட வருஷம் ஒன்றில் நானே சொன்னேன், இன்னொரு கார் கட்டிக்கொண்டால் என்ன என்று.

"இன்னொண்ணு கட்டுனா அவன எதுத்துல்ல நான் ஓட்டணும்?" என்றார் இவர். அதற்குமேல் நான் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

டிராக்கில் எனக்கென்று ஒரு வேலையும் கிடையாது. புளியோதரையைப் பிரித்து வைப்பது, பயப்படுவது, இரண்டுதான். சீனியின் பெண்டாட்டி அம்புட்டுச் சத்தத்திலும் லாரி நிழலில் துண்டை விரித்துத் தூங்குவாள். கொடுத்து வைத்தவள். நானோ சீட்டு மாற்றுகிற நேரத்தில் அவர்கள் தலைமாட்டில் போய் நின்றுகொண்டு கேட்பேன்: "முறுக்கியாச்சா?"

முதல் வருஷத்தில் நான் கேட்டால் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டாக வைத்து அழுத்திக் காட்டுவார்கள். "பாத்துக்கோ, போதுமா?" நாளாக ஆக, தலையை நிமிர்த்தாமலே "ஆச்சு மதினி" என்று வரும். பிறகு நான் வாயைத் திறக்குமுன்னே வந்துவிடும். கோயிலில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் கோவிந்தா போடுகிற மாதிரிதான். சீனியின் கல்யாணத்தில் தாலி கட்டி நிமிர்ந்தவன், கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்து, "முறுக்கியாச்சு மதினி!" என்றானே பார்க்கலாம். மண்டபமே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை. கூரையில்லாத காரில் மழை பெய்தால் என்ன ஆகும்? பெயருக்கு ஏற்றபடி தொட்டி நிறைந்துவிட்டது. மழையால் காலைப் பந்தயம் தள்ளிப்போய், அது முடிந்த கையோடு மத்தியானப் பந்தயத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் செம்பை எடுத்துத் தண்ணீர் இறைத்தார். சீனி சீட்டைத் தூக்கினான். ஒருவர் போல்ட்டைக் கையால் திருகிவிட்டுத் தண்ணீரை இறைக்கத் திரும்ப, மற்றவர் எடுத்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு பெட்ரோல் கேனைப் பிடிக்க, ஒரே அமளி. நான் குடையோடு போய் நின்று கேட்டேன்.

"முறுக்கியாச்சா?"

"ஆச்சு!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அண்ணன் முறுக்கிவிட்டார் என்று தம்பி நினைத்தான். தம்பி முறுக்கிவிட்டான் என்று அண்ணன் நினைத்தார். இவர் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினார். "போயிட்டு வாலே."

எங்கள் கார் சத்தம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். எத்தனை கார் ஓடினாலும் அது கொஞ்சம் சளி பிடித்த மாதிரி வரும். ஒரு சுற்றில் மற்ற சத்தமெல்லாம் வந்தது. அது மட்டும் வரவில்லை.

வளைவுக்கு முன்னால் சீட்டு பின்னால் நழுவியிருக்கிறது. அவன் காலுக்குப் பிரேக் எட்டவில்லை. அவ்வளவு நீளமான காலுக்கு எட்டவில்லை. டயர் அடுக்கி வைத்திருந்த சுவரில் போய் மோதியதில் உயிர் பிழைத்தான். வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. கம்பி வைத்தார்கள். அதன்பிறகு அந்தக் கால் மடங்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "நாந்தாம்லே முறுக்காம விட்டேன்" என்றார். அவன் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும், "இல்லண்ணே, எஞ்சீட்டு. நாந்தான் பாத்திருக்கணும்" என்றான். டீக்கடையில் நீ கொடுக்காதே நான் கொடுக்கிறேன் என்று இரண்டு சொந்தக்காரர்கள் கையைத் தட்டிவிடுவார்களே, அப்படித் தட்டிக்கொண்டார்கள். எனக்கு அப்போது அதைப் பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது. இப்படி ஒரு அண்ணன் தம்பி யாருக்கு வாய்க்கும் என்று நினைத்தேன். ஒருவன் மேல் ஒருவன் பழி போட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் சீனி காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். இவர் தட்டில் சோறு போட்டதும் அந்தக் கால் கண்ணில் படும். இரண்டு வாய்க்குமேல் இறங்காது. வேலை இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார். ஆள் வற்றிக்கொண்டே வந்தார். தொட்டிக் காரை ஆளுக்கொரு பாகமாகப் பிரித்துக் கொடுத்தார். கொஞ்ச நாளில் சீனி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுப் பக்கம் பேட்டரிக் கடை போட்டுப் போய்விட்டான். ஊரில் சொத்துத் தகராறு என்று பேசிக்கொண்டார்கள்.

எங்கள் மகள் கல்யாணத்தில் நான் ஒரு வேலை செய்தேன். பந்தியில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்தேன். சீனி காலை மேசைக்கடியில் மடக்க முடியாமல் வெளியே நீட்டிக்கொண்டான். பரிமாறுகிறவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். இவர் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம், "சம்பந்தக்காரவுகளக் கவனிக்கணும்" என்று எழுந்துவிட்டார். சீனி தன் இலையை மூடிவிட்டு மெதுவாக வாசலுக்கு வந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"நான் கண்ணுல பட்டா அண்ணனுக்குச் சோறு எறங்க மாட்டேங்கு மதினி. அவரு சாப்பிடட்டும். நான் வாரேன்."

"இது என்னடா கிறுக்குத்தனம், கூடப் பொறந்தவன..."

"நீங்க அவரப் பாத்துக்கோங்க. அம்புட்டுத்தான்."

அதன்பிறகு பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு பேரும் இருபது வருஷத்துக்கு மேலே இருந்தார்கள். நடுவில் ஓடின டவுன் பஸ் நான்தான். ஆண்டாள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போவேன். முதலில் பேட்டரிக் கடை, பிறகுதான் கோயில். ஆண்டாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சீனி ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு, "அண்ணன் சாப்பிடுதாரா? இருமல் நின்னுச்சா? அந்தப் பய மகன் மாத்திரைய ஒழுங்காப் போடுதாரா?" என்பான். அண்ணனைப் பய மகன் என்று சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொள்வான். வீட்டுக்கு வந்தால் இவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்பார்: "காலு எப்படி இருக்காம்?" வேறு எதுவும் கேட்கமாட்டார். "நல்லாருக்காம், மழைக்கு மட்டும் கொடையுதாம்" என்பேன். அன்று ராத்திரி மழை வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

இந்தத் தையில் பொங்கல் முடிந்து, கடையில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். நெஞ்சு. நான் இத்தனை வருஷமாகப் பட்ட கவலையில் அது இல்லவே இல்லை.

இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பந்தலுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே எடுத்து வைக்கிற வேலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பையன், சீனி மருமகளின் வெளியூர்ச் சொந்தம் போல, நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு மரியாதையாகக் கேட்டான்.

"ஐயா, நீங்க அவியளுக்கு என்ன வேணும்?"

இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்க வேண்டிய கேள்வியா அது?

"நாங்க ரெண்டு பேரும் ஒரே வண்டி ஓட்டுனோம் தம்பி" என்றார்.

அந்தப் பையன் லாரி டிரைவர் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது டயர் ஷோரூம் வந்துவிட்டது, கண்ணாடிக் கதவு போட்டு. பஞ்சு லாரிக்காரரும் இல்லை. ரேஸுக்குப் போகிற பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். ஒரு பித்தானை விரலால் அழுத்தினாலே சீட்டு முன்னே பின்னே நகருமாம். நல்லது. நல்லபடியாகப் போய்த் திரும்பி வரட்டும். இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய துக்கமில்லை, காலம் என்றால் போகத்தான் செய்யும்.

முந்தாநாள் சீனியின் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் இவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது. நானும் நின்றேன். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுவிடுவாரோ, கேட்டால் என்ன சொல்வது என்று கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன்.

கேட்கவில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டினார். அதை அவர் படித்து முடித்திருக்கமாட்டார்.