ரிக் வண்டியிலிருந்து வந்த ஓடிபி

ஊரில் கருத்து இல்லாத ஆள் கிடையாது. அதையே போனில் அழுத்திச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், அத்தனை பேருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

திருச்செங்கோடு பக்கம் ஒரு பேரூராட்சியில் நான் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இந்த வருடம் செயல் அலுவலர் ஒரு ஆப்பை என் தலையில் கட்டினார். ஊர் முகப்பில் ஆர்ச் கட்டலாமா, வாரச் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டலாமா? இரண்டில் ஒன்றுதான் முடியும். எது என்று மக்களே போனில் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்களாம். ஒரு வீட்டு வரி எண்ணுக்கு ஒரு ஓட்டு. வரி ரசீதில் இருக்கும் போன் நம்பருக்கு ஓடிபி வரும். ஓடிபிக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடி ஏறிய புண்ணியவான்களே, மேலே படியுங்கள். என் வலி உங்களுக்குத்தான் புரியும்.

பேர் மட்டும் வேண்டாம்

முதல் நாள் வீடு வீடாகப் போனேன். தோட்டம், கிணறு என்று வசதியாக இருக்கும் ஒரு விவசாயி மோர் கொடுத்து உட்கார வைத்தார். ஆர்ச் கட்டினால் வைக்கோல் லோடு முட்டும், கழிப்பறை கட்டினால் தண்ணீர் யார் விடுவது என்று முக்கால் மணி நேரம் பேசினார். அத்தனையும் உருப்படியான பேச்சு. எனக்கே ஆசையாகிவிட்டது. டேப்லெட்டைத் திறந்து, "வரி எண் சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான், மனிதர் முகம் சுருங்கிவிட்டது. வரியை ஏற்றுவதற்குத்தான் மோர் குடித்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன் என்று நினைத்துவிட்டார். அப்படியெல்லாம் இல்லை என்று நான் சத்தியம் பண்ணாத குறைதான். கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"கருத்து என்னுதாவே இருக்கட்டும் அம்மணி. பேரு மட்டும் பக்கத்து ஊட்டுக்காரனுதப் போட்டுக்க."

காணாமல் போன குழி

அதே ஆப்பில் புகார் சொல்லவும் ஒரு பொத்தான் உண்டு. ஒருநாள் நடுரோட்டில் தொட்டி மாதிரி ஒரு குழியின் படம் வந்தது. எங்கள் சாலைப் பணியாளர் இரண்டு நாள் சைக்கிளில் ஊரையே சுற்றிவிட்டு, "அப்படி ஒரு குழியே இல்லீங்க மேடம்" என்று வந்து நின்றார். அவர் சோம்பேறித்தனம் பண்ணுகிறார் என்று அவரைக் கடிந்துகொண்டேன். பிறகு படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தால், குழிக்குப் பக்கத்திலிருந்த மைல் கல்லில் ஒரியா எழுத்து!

புகார் கொடுத்தவருக்குப் போன் போட்டேன். நம்ம ஊர் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு ஒடிசாவில் போய்க்கொண்டிருந்தார். இது நம் பேரூராட்சிக் குழி இல்லையே என்று கேட்டேன். கொஞ்சம்கூட அசரவில்லை.

"வரி கட்டுறது நம்மூர்லீங்க மேடம். குழி எங்க இருந்தா உங்குளுக்கு என்னங்க?"

ஓட்டு இல்லாத செல்லம்மாக்கா

நான் நடுநிலையாக இருக்க வேண்டிய ஆள்தான். இருக்க முடியவில்லை, அதற்குக் காரணம் செல்லம்மாக்கா. பக்கத்துக் கிராமத்திலிருந்து செவ்வாய்க்கிழமை சந்தைக்குக் கீரை கொண்டுவருவார். விடியும்போது வந்து உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்பார். அதுவரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்குவதற்கு எங்கே போவது? போன கோடையில் நீர்க்கடுப்பு முற்றி, குளிர் ஜுரத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடுத்த முறை கிட்னியைத் தொட்டுவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். தண்ணீர் குடித்தே ஆகவேண்டுமாம். கீரையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

இந்த ஓட்டு அவருக்காகவே வந்தது என்று சந்தோஷமாக டேப்லெட்டை நீட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: எங்கள் ஊரில் அவருக்கு வீடு இல்லை, வரி எண் இல்லை, ஓட்டும் இல்லை. தயங்கித் தயங்கி அதை அவரிடம் சொன்னேன். அவர் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஓட்டு இல்லீன்னாப் போவுது கண்ணு. போடறவீங்கள ஒரு செவ்வாக்கெழம தண்ணி குடிக்காம உக்காந்து பாத்துட்டுப் போடச் சொல்லு."

ஆர்ச் கட்சி

முதல் பத்து நாளில் ஆர்ச் எகிறிக்கொண்டு போனது. எனக்கு வயிறு எரிந்தது. ஊரில் நான் பார்த்த ஆட்களோ ஓட்டே போடவில்லை, பின்னே யார் போடுகிறார்கள்? விசாரித்தால் எல்லாம் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர், மகாராஷ்டிரா என்று போயிருக்கும் ஆம்பளைகள். வரி ரசீதில் அவர்கள் நம்பர்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லிவைத்துக்கொண்டு குத்தித் தள்ளியிருக்கிறார்கள். அதில் ஒரு ரிக் மேனேஜரைக் கூப்பிட்டு, வருடத்தில் பதினைந்து நாள்கூட ஊரில் இல்லாத உங்களுக்கு ஆர்ச் எதற்கு என்று சண்டைக்கே போனேன். அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு என் கோபம் பாதியாகிவிட்டது.

"காட்டுலயே கெடந்துட்டு வாரமுங்க. வண்டி உள்ள நொழையறப்ப, ஊடு வந்துருச்சுன்னு ஒண்ணு தெரியோணுமில்லீங்க?"

கேஸ் புக்கிங்

கடைசிச் செவ்வாய்க்கிழமை சந்தையில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். கீரை வாங்க வந்த, வீட்டு ஓட்டு இன்னும் விழாத உள்ளூர்ப் பெண்களிடம் செல்லம்மாக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். கவிதா என்று ஒரு பெண், புருஷன் ரிக்கில் டிரில்லர். அந்தப் பெண் வரி எண்ணைச் சொல்லிவிட்டு அவரைப் போனில் கூப்பிட்டாள். "ஏனுங்க, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க." கம்ப்ரஸர் இரைச்சலுக்கு நடுவே மனிதர் ஆறு எண்ணையும் கத்திச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது! எங்கள் ஊர்க் குடித்தனமே அப்படித்தான். சிலிண்டரோ, பள்ளிக்கூட அட்மிஷனோ, ஓடிபி ரிக்குக்குப் போய்த்தான் வீடு வந்து சேரும்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! மேஜையைச் சுற்றிப் பெண்கள் கூட்டம், ஆளுக்கொரு போன், ஆறு ஆறு எண்ணாக ஏலம். 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற நோட்டீஸை ஆபீஸ் சுவரில் ஒட்டியவளே நான்தான். அன்றைக்கு அது என் ஞாபகத்திலேயே இல்லை. ஒரே ஒரு புருஷனுக்கு மட்டும் சந்தேகம் வந்து, ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"போன வாரந்தானே சிலிண்டர் சொன்னோம்? நானில்லாம ஊட்டுல தெனம் கறி வேகுதா?"

செல்லம்மாக்காவின் கேள்வி

கழிப்பறை பதினொரு ஓட்டில் ஜெயித்தது. செயல் அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அடுத்த செவ்வாய் ஓட்டமாக ஓடிப்போய், "செல்லம்மாக்கா, ஜெயிச்சாச்சுங்க, இனிமே நீங்க தண்ணி குடிக்கலாமுங்க" என்றேன். குதிப்பார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கமாகக் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"கதவுக்கு உள்பக்கம் தாப்பாள் வெப்பாங்களா சாமி, இல்ல அதுக்கும் ஒருக்கா போனுல ஓட்டு வெப்பாங்களா?"

ஊரையே போனில் கேட்டு முடிவெடுத்த எங்கள் ஆபீஸில், அந்த ஒற்றைத் தாழ்ப்பாளை எஸ்டிமேட்டில் சேர்க்க நான் மூன்று நாள் வாயால்தான் சண்டை போட வேண்டியிருந்தது.