ஊரே குடுத்த மாத்திரையும் எங்க வீட்டுக்காரரு ஈரலும்

இதெல்லாம் உங்களுக்கு எதுக்குலா? லேப்ல புதுசா வேலைக்குச் சேந்தா மெசினப் பாக்கணும், கெழவி வாயப் பாக்கக் கூடாது. சொல்லலைன்னா விடவா போறீங்க. உக்காருங்க.

மொத நாளு

எங்க ரப்பர் எஸ்டேட்ட மொதலாளிங்க வித்து வீடு கட்டிட்டானுங்க. மரம் சீவுன கைக்கு ஈப்போ டவுன்ல, இந்த லேப்ல கிளீனர் வேலைன்னு சொன்னாங்க. வந்து பாத்தா மருந்து குடுத்துப் பாக்குற எலி ரூம்பு. எங்க எஸ்டேட்டு லைன் வீட்டுல எலியப் பாத்தா கால்ல கெடந்த செலிப்பார் பறக்கும். இங்க அதுக்கு ஏர்கோன் போட்டு வச்சிருக்கு. என் வீட்டுலயே ஏர்கோன் இல்ல.

புவனா டாக்டர்தான் அங்க பெரியவங்க. சிலோன்காரங்க. மருந்து ஒடம்புக்குள்ள போயி என்னா ஆவுது, ஈரல எப்படிக் கெடுக்குதுன்னு பாக்குறதுதான் அவங்க ஆயிசு பூரா பாத்த வேலை.

"அக்கா, கூண்டை மெதுவாத் திறவுங்கோ. எலி பயந்தால் ரிசல்ட் பிழையாப் போயிடும்."

"நான் பயந்தா டாக்டர்?"

"நீங்கள் பயந்தால் ரிசல்ட்டுக்கு ஒண்டுமில்லை."

அன்னிக்கே எனக்கு அவங்களப் புடிச்சுப் போச்சு.

டீ நேரம்

நான் பள்ளிக்கூடத்த வெளிய நின்னு பாத்தவ. ஆனா டீ குடிக்கையில எனக்கும் சொல்லுவாங்க. மாத்திரை உள்ள போனா ஈரல்தான் ஒடைக்குமாம். சில மருந்த ஒடைக்கையில ஒரு விசத்துண்டு வரும். கொஞ்சமா வந்தா ஈரலே அடக்கிப்புடும். கணக்கு மீறிப் போனா அது ஈரலையே கடிக்கும்.

"அப்ப ஈரலும் எங்க எஸ்டேட்டு தண்டல் மாதிரிதான் டாக்டர். கூலியாளுங்க கொஞ்சப் பேருன்னா மேய்ப்பாரு. எல்லாரும் ஒண்ணா வந்தா ஓடிருவாரு."

சிரிச்சு அவங்களுக்குப் பொரையேறிருச்சு.

காய்ச்சல்

எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். கிளினிக்ல மாத்திரை குடுத்தாங்க. நான் வேலைக்கு வந்துட்டேன். எங்க ஆளுங்க பழக்கம் தெரியும்ல, ஒருத்தருக்கு நோவுன்னா கைய வீசிக்கிட்டுப் பாக்க வரமாட்டாங்க. பழம் வரும், கூடவே அவங்க வீட்டுல மிஞ்சுன மாத்திரையும் வரும். லைன்ல இருந்தப்ப வந்த பழக்கம், இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தும் போகல. எதுத்த வீட்டு அஞ்சல ஒரு அட்டை, பின் வீட்டுல ஒரு அட்டை, கடைக்காரரு சளிக்குன்னு ஒண்ணு. இவரு எல்லாத்தையும் முழுங்கியிருக்காரு.

ரெண்டாம் நாளு ஒரே வாந்தி. வலது பக்க வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சுருண்டுட்டாரு. நான் புவனா டாக்டருக்குப் போன் போட்டேன். அவங்களே காடி ஓட்டிக்கிட்டு வந்துட்டாங்க.

"அண்ணை, என்னென்ன மாத்திரை எடுத்தனீங்கள்?"

"கிளினிக்ல குடுத்ததுதான்" அப்படிங்கிறாரு. அஞ்சல பக்கத்துல நிக்கிறாள்ல.

டாக்டர் குப்பைத் தொட்டியத் தொறந்து அட்டை ஒவ்வொண்ணையும் திருப்பிப் படிச்சாங்க. மொகம் மாறிப் போச்சு.

"அக்கா, கலர் வேற, பேர் வேற. உள்ள இருக்கிறது எல்லாம் ஒரே பாராசிட்டமால்தான், கணக்கு மீறினால் ஈரலைக் கடிக்கும் எண்டு சொன்னனே, அந்த மருந்து. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஏன்யா அத்தனையும் தின்ன?"ன்னு காடில கேட்டேன்.

"வேணாம்னு சொன்னா மனசு நோவுமேடி" அப்படின்னாரு. என் மனசு நோவும்னு ஒரு நாளாச்சும் அப்படிப் பயந்திருக்காரா?

ஆஸ்பத்திரியில அந்த அட்டைங்களக் காட்டி, நேத்துலேருந்து எவ்ளோ உள்ள போயிருக்குன்னு டாக்டரே எடுத்துச் சொன்னாங்க. பிளட் டெஸ்டுல ஈரல் கெட ஆரம்பிச்சிருச்சு. அந்த விசத்த முறிக்கிற மாத்து மருந்த டிரிப்ல ஏத்துனாங்க. "பிழைப்பாரா டாக்டர்?"னு கேட்டேன். "நேரத்துக்கு வந்திட்டம்"னு மட்டும் சொன்னாங்க. பிளட் டெஸ்டுல ஏறிக் கெடந்த ஈரல் கணக்கு எறங்குற வரைக்கும் அவங்களும் வார்டுக்கு வந்து வந்து போனாங்க. எறங்குச்சு.

பிள்ளைங்களா, எலி ரூம்ப நாத்தம்னு மூக்கப் பொத்தாதீங்க. அந்த நாத்தத்துல ஒருத்தங்க ஆயிசு பூரா நின்னதுனாலதான் என் கழுத்துல தாலி கெடக்கு. கிளினிக் போனா, பக்கத்து வீட்டு மாத்திரை தின்னதையும் வெக்கப்படாம சொல்லுங்க.

அவர வீட்டுக்குக் கூட்டியாந்தப்ப தாமானே வாசல்ல நின்னுச்சு. அஞ்சல அழுவுறா. "என் மாத்திரையாலதானாக்கா?"

"ஒன் ஒரு மாத்திரைக்கு அவ்ளோ சக்தி ஏதுடி? ஊரோட பாசம் மொத்தமும் ஒரே நாள்ல எறங்குனா ஈரல் என்னா பண்ணும்? இனிமே யாருக்கு நோவுன்னாலும் கஞ்சி கொண்டாங்க. மாத்திரைதான் குடுப்பேன்னு அடம் புடிச்சா என்கிட்டக் குடுங்க. எலிக்குக் குடுத்துப் பாத்துட்டு, அது பொழைச்சா எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்குறேன்."