ஓரகத்திக்குப் போட்ட ஊசி

மூலநோய் ஆபரேஷன் முடிந்து என் ஓரகத்தியைக் கட்டிலுக்கு மாற்றியபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அதே ஆபரேஷன் ஐந்து மாதத்துக்கு முன் வேறொரு மருத்துவமனையில் எனக்கு நடந்தது. முதுகில் போட்ட மயக்க ஊசியின் வேகம் குறைந்ததும் நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் கழிப்பறையில் பட்ட பாட்டை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"உனக்குத்தான் அனுபவம் இருக்கு, நீ கூட இரு" என்று என் கணவர்தான் அனுப்பினார். அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நாங்கள் பக்கத்திலுள்ள வடக்குத்து கிராமத்தில் வாடகைக்கு இருக்கிறோம். அவர் தம்பி அதே சுரங்கத்தில் பர்மனென்ட். கம்பெனி நகரியத்தில் குவார்ட்டர்ஸ், வாசலில் இரண்டு மாமரம். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளுக்கு எல்லாமே என்னைவிட ஒரு படி மேலாகத்தான் அமைந்தது. இந்த வலியிலாவது இருவரும் சமமாவோம் என்று நினைத்திருந்தேன்.

"வலிக்கலையா?"

"இல்லக்கா, மரத்துப்போய்க் கெடக்குது. அங்க இருக்கிற நரம்புக்குப் பக்கத்துல தனியா ஒரு ஊசி போட்டாங்களாம்."

எனக்கு நடந்தபோது அப்படி ஒரு பேச்சே வரவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அவள் இட்லி சாப்பிட்டாள். அம்மாவிடம் வீடியோ காலில் பேசினாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கண்ணயர்ந்த நேரம் நர்ஸ் வந்து என்னிடம் மாத்திரையைக் கொடுத்தாள். "அந்த ஊசி சாயந்திரம் வரைக்குந்தாங்க கேக்கும். வலி இல்லன்னாலும் ரெண்டு மணிக்கு இத குடுத்துடுங்க. வலி வந்தப்புறம் குடுத்தா சீக்கிரம் அடங்காது."

இரண்டு மணிக்கு நீட்டினேன்.

"வலியே இல்ல, எதுக்குக்கா? வயித்தப் பெரட்டும்."

நர்ஸ் சொன்னதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்தரை மணி வாக்கில் நெளிய ஆரம்பித்தாள். பிறகு அலறினாள். அப்பாடா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "யக்கா, இம்மாம் வலியயும் பொறுத்துகினா இருந்த? நான் ஒரு எட்டு வந்து பாக்கக்கூட இல்லியே!"

என் கணவர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கையை விடுவித்துக்கொண்டு நர்ஸிடம் ஓடினேன். "மாத்திரை குடுக்கலைங்க. தப்பு என்னுது." உடனே டிரிப்பில் மருந்து ஏற்றினார்கள். வலி மட்டுப்பட ஒரு மணி நேரத்துக்கு மேலானது. அதுவரை என் கையை அவளிடமே விட்டுவைத்தேன்.

நான்காம் நாள், குவார்ட்டர்ஸில் அவள் வெந்நீர் டப்பில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். "மாத்திரை போடலன்னா வலிக்கும்னு நர்ஸ் சொன்னாங்க. நான்தான் வேணும்னே சொல்லாம விட்டேன்."

அவள் விரலால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "தண்ணி ஆறிப்போச்சு, கொஞ்சம் வெந்நி ஊத்து" என்றாள். ஊற்றினேன்.

அதன் பிறகு இரண்டு வாரம் போனே இல்லை. ஒருநாள் காலையில் கூப்பிட்டாள். "செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்காங்க. வர்றியா?"

போனேன். புண் நன்றாக ஆறிவிட்டது என்றார் டாக்டர். எனக்கு ஆற இரண்டு மாதம் பிடித்தது. அந்த நேரத்திலும் அதைக் கணக்குப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.