பாஞ்சாலை விட்டுக்கொடுக்காத இடம்

ஜவ்வாது மலையில் அந்தச் சிற்றூருக்கு இருந்த ஒரே கணினி பாஞ்சாலையுடையது. ஒடுகத்தூரில் கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றை மூடியபோது, புளி விற்ற காசைக் கொண்டுபோய் அவளே பேரம் பேசி வாங்கினாள். அதனுடன் விளையாட்டுக்கான ஸ்டியரிங் ஒன்றும் வந்தது. பகலில் ஊராருக்குச் சாதிச் சான்றுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்துக் கொடுப்பாள். வேலை ஒழிந்தால் லாரி ஓட்டுவாள்.

திரைக்குள் ஓடுகிற லாரிதான். கணவன் சந்திரன் மினி லாரி வைத்திருந்தான். அதன் ஸ்டியரிங்கை அவளை ஒருநாளும் தொடவிட்டதில்லை. திரையிலோ அவள் பனி கொட்டும் அயல்நாட்டுச் சாலைகளில் மரம் ஏற்றிப் போய், ஒரு கீறலும் படாமல் இறக்கிவைத்தாள். ஞாயிறுதோறும் பல ஊர் ஓட்டுநர்கள் இணையத்தில் கூடி வரிசையாக வண்டி விடுவார்கள். இத்தனை மாதமும் வரிசையின் கடைசியில் வந்த பாஞ்சாலைக்கு, வருகிற ஞாயிறன்று எல்லாருக்கும் முன்னால் போகும் முதல் வண்டி என்று முடிவாகியிருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் விளையாட்டுக்கு அப்டேட் வந்தது. எல்லாரும் ஒரே பதிப்பில் இருந்தாலொழியச் சேர்ந்து ஓட்ட இயலாது. அப்டேட்டோ பழைய வீட்டை இடிக்காமல் பக்கத்திலேயே புதிதைக் கட்டி முடித்து, அதன் பின்னரே பழையதை அகற்றும் குணமுடையது. அதற்குத் தாராளமாக இடம் வேண்டும். டிஸ்க்கில் இடமில்லை என்று திரை கைவிரித்துவிட்டது.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை ஊர்த் திருவிழா வீடியோக்கள். சாமி தூக்குகையில் யார் தோள் முன்னால் என்பதில் மேல்வீட்டுப் பங்காளிகளுக்கும் கீழ்வீட்டுப் பங்காளிகளுக்கும் தீராத பிணக்கு. அது கணினிக்குள்ளும் புகுந்தது. தங்கள் படம் மற்றவர் பெயரிட்ட போல்டரில் இருக்கலாகாது என்று இரு தரப்பும் பிடிவாதம் பிடிக்க, ஆளுக்கொரு போல்டர் ஏற்பட்டது. சமாதானம் பேச வந்தவர்கள் 'ஊர்ப்பொது' என்று மூன்றாவதையும் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றிலும் ஒரே வீடியோ, ஆண்டுதோறும் அப்படியே.

இரண்டை அழிக்கப்போவதாகப் பாஞ்சாலை சொல்லியனுப்பினாள். மேல்வீட்டுக் கோபால்சாமியும் கீழ்வீட்டுப் பாண்டுரங்கனும் உடனே வந்து நின்றார்கள்.

"இன்னாம்மா, பொம்ம வண்டிக்காகச் சாமி படத்த அழிப்பியா?" என்றார் கோபால்சாமி.

"சாமி ஒன்னுதானே மாமா. மூணு தரம் வெச்சிருக்கேன். ஒன்னு இருந்தா போதாதா?"

"போதும். எங்க போல்டர வெச்சிக்கோ."

"அது எப்பிடி?" என்று பாண்டுரங்கன் முன்னே வந்தார். "எங்களுத வெச்சிக்கோம்மா. அவங்க வேணும்னா அதுல வந்து பாத்துக்கட்டும்."

"ஒங்க பேர்ல இருக்கறத நான் வந்து பாக்கணுமா?"

"அப்ப பொதுவுல இருக்கறத வெச்சிக்கறேன்" என்றாள் பாஞ்சாலை.

அதற்கு மட்டும் இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். பிறகு கோபால்சாமி ஒரு வழி கண்டுபிடித்தார். "எல்லாம் இருக்கட்டும். அந்த ஆட்டத்தத் தூக்கிட்டா இடம் வந்துடுமில்ல?"

பாண்டுரங்கன் தலையாட்டினார். பல ஆண்டுகளில் அவர்கள் ஒத்துப்போன முதல் பேச்சு அது.

சந்திரன் மெல்லக் குறுக்கிட்டான். "தூக்கிடு புள்ள. பெரியவங்க சொல்றாங்க. அப்பறமா திரும்பப் போட்டுக்கலாம்."

"ஒன் வண்டியக் கண்டம் பண்ணி இரும்புக்குப் போட்டுட்டு வா. அப்பறமா திரும்ப வாங்கிக்கலாம்."

முழு விளையாட்டையும் மறுபடி இறக்குவதென்றால், மழை தூறினாலே படுத்துவிடும் அந்த மலை இணைப்பில் வாரக்கணக்காகும் என்பது சந்திரனுக்கும் தெரிந்ததே.

"நாலு கழுத வயசாகுது, வெளையாட்டு கேக்குது" என்றார் கோபால்சாமி.

"ஆமா மாமா, கேக்குது. என் புளி, என் கம்ப்யூட்டரு, கரன்ட் பில்லும் நான்தான் கட்டறேன். ஒங்க சண்டைக்கு நான் இடம் உட முடியாது."

அவள் நாற்காலியைத் திருப்பினாள். எல்லார் கண்ணுக்கு முன்பாகவும் மேல்வீட்டு போல்டரை அழித்தாள். அடுத்துக் கீழ்வீட்டு போல்டரை. அப்படியும் இடம் கூடவில்லை.

"பாத்தியா, சாமி அழிக்க உடல" என்றார் பாண்டுரங்கன்.

"குப்பைத்தொட்டியில கெடக்குது பெரிப்பா. அதையும் கொட்டணும்."

அதையும் கொட்டினாள். திரையில் இடம் விரிந்தது. அப்டேட் நகரத் தொடங்கியது.

"இனிமே எந்த எழுத்து வேலைக்கும் எங்க பங்காளிங்க ஒருத்தரும் ஒன் வூட்டு வாசல மிதிக்க மாட்டாங்க" என்றார் கோபால்சாமி.

"சரிங்க மாமா. மனசு மாறி வந்தீங்கன்னா வரிசையில நில்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பாண்டுரங்கன்தான் வந்தார், ஒடுகத்தூரில் வாங்கிய புது ஹார்ட் டிஸ்க்கோடு. கோபால்சாமிக்குத் தெரியுமுன் ஊர்ப்பொதுவிலிருந்து தம் பெயரில் ஒரு பிரதி வேண்டுமாம். பாஞ்சாலை அப்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் லாரிகள் விளக்கெரிய வரிசைகட்டி நின்றன.

"கொஞ்சம் ஏத்திக் குடும்மா, பஸ்ஸுக்குப் போவணும்."

"ஒக்காருங்க பெரிப்பா. இவங்கள ஊர் சேத்துட்டு வர்றேன்."

அவர் சந்திரனைப் பார்த்தார். சந்திரன் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, இன்னொன்றைத் தனக்கும் இழுத்துக்கொண்டு திரைக்கெதிரே உட்கார்ந்தான். பாஞ்சாலை முதல் கியரைப் போட்டாள்.